"கண்ணாடி வழியா பார்ப்போம் பாட்டி"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், பாமணியாற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிட்டது, ஆனாலும் முழுவதும் போட முடிந்தால் போடுங்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை கறிவேப்பிலை கேட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் கொல்லைக்குப் போய்ப் பறித்துக்கொண்டு வருவதற்குள் கூடத்து அலமாரியில் இருந்த பழைய அம்புலிமாமா பைண்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கறிவேப்பிலையை அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார், குழந்தை போகவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருந்து, வேதாளம் மறுபடியும் மரத்தில் ஏறிக்கொண்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். "உங்க ஸ்கூல்ல கதைப் புத்தகம் இல்லையா பாப்பா?" என்று கேட்டேன். "இருக்கு பாட்டி, நிறைய இருக்கு. பீரோவுல இருக்கு. கண்ணாடி வழியா பார்ப்போம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஏனென்றால் சின்ன வயதில் எனக்கு உயிராக இருந்த புத்தகங்களில் ஒன்றுகூட எனக்கென்று வாங்கியது கிடையாது. எல்லாமே யாரோ படித்து, யாரோ கொடுத்து வந்தவை. அட்டை போயிருக்கும், ஓரம் மடிந்திருக்கும், எண்ணெய்க் கை பட்ட கறை இருக்கும், சிலவற்றில் முதல் பத்துப் பக்கமே இருக்காது. கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்று யாராவது பயந்து பூட்டி வைத்திருந்தால் அவை என்னிடம் வந்தே இருக்காது.

எங்கள் வீட்டுப் புத்தகங்களைச் சேர்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர். கல்யாணமாகிப் போன மூன்றாம் வருடம் திரும்பி வந்துவிட்டார், அதைப்பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பெரிய வீடு ஒன்றுக்கு வாரப் பத்திரிகை வரும், அவர்கள் எல்லாரும் படித்து முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வரும். அத்தை கத்தரிக்கோல் வைக்க மாட்டார். நடுவில் இருக்கும் பின்னை ஊசியால் நிமிர்த்தி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அலுங்காமல் உருவி எடுத்து, மறுபடி பின்னை மடக்கிவிடுவார். வாரம் தவறாமல் அடுக்கி வைத்து, கதை முடிந்ததும் மன்னார்குடியில் தேரடிப் பக்கம் இருந்த ஒரு பைண்டரிடம் கொடுத்தனுப்புவார். கெட்டி அட்டை, முதுகில் சிவப்புக் காலிகோ துணி. 'கல்கி'யில் 1950-லிருந்து 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் அப்படித்தான் எங்கள் வீட்டில் ஐந்து பைண்டாக இருந்தது, மணியம் வரைந்த படங்களோடு. பத்திரிகைப் பக்கம் என்பதால் கதைக்குப் பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் வரும், ஒரு ஜோக்கின் பாதி வரும், ஏதோ ஒரு சமையல் குறிப்பின் கடைசி இரண்டு வரி வரும். அது என்ன பலகாரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் நெய்யை எப்போது விட வேண்டும் என்று தெரியும்.

அந்தக் கதையைத் தமிழ்நாடே படித்தது, சரி. ஆனால் டெல்டாவில் பிறந்த குழந்தைக்கு அது வேறு மாதிரியான புத்தகம். வெளியூர்க்காரர்களுக்கு அதில் வருவதெல்லாம் கதையில் வரும் ஊர்கள். எங்களுக்கு அவை பஸ் போர்டில் எழுதியிருக்கும் ஊர்கள். குடந்தை ஜோதிடர் வீடு என்று படித்தால், கும்பகோணத்தில் நாங்கள் துணி எடுக்கப் போகும் தெருவில்தான் அந்த வீடு இருக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு குறிப்பிட்ட ஓட்டு வீட்டைப் பார்த்து வைத்துக்கொள்வேன். பட்டீஸ்வரம் கோயிலுக்குப் போனபோது, பக்கத்தில்தான் பழையாறை என்று அப்பா சொன்னார். எங்கே அரண்மனை என்று கேட்டேன். வாழைத் தோட்டத்தைக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஆடி அமாவாசைக்குக் கோடிக்கரையில் கடல் குளிக்கப் போனோம், எல்லாரும் குளித்துவிட்டுக் குழகர் கோயிலுக்குப் போகக் கிளம்புகிறார்கள், நான் மட்டும் புதைசேறு எங்கே இருக்கிறது, பூங்குழலி படகை எங்கே கட்டுவாள் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அத்தை ஒருவர்தான் சிரிக்கவில்லை. மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கமாத்தான் இருக்கணும்" என்று தாழைப் புதர் பக்கம் காட்டினார்.

இரும்புக்கை மாயாவியை நான் காதால்தான் முதலில் படித்தேன். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் இருந்து வர ஆரம்பித்தது, முதல் புத்தகமே அதுதான். எங்கள் ஊரில் அந்தப் புத்தகங்கள் இருந்த ஒரே இடம் சலூன். அங்கே போய் ஒரு பெண் குழந்தை பெஞ்சில் உட்கார முடியுமா? முடி வெட்ட முறை வராவிட்டால்கூடப் போய் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா மகன் ஒருவன் இருந்தான். படித்துவிட்டு வந்து வைக்கோல் போர் அடியில் எங்களை உட்கார வைத்துக் கட்டம் கட்டமாகச் சொல்லுவான். "இப்ப மின்சாரம் பாயுது... ஆளைக் காணோம்... கை மட்டும் தெரியுது" என்று தன் வலது கையை நீட்டிக்கொண்டு நடப்பான். பல வருடம் கழித்து அந்தப் புத்தகத்தை நானே கையில் வாங்கிப் பார்த்தபோது, படங்கள் அவன் சொன்ன அளவுக்கு இல்லை என்றுதான் பட்டது. அவனும் இப்போது இல்லை.

அப்புறம் மாஸ்கோ புத்தகங்கள். இதைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கம் இல்லாத கிராமமே அபூர்வம், சங்க மாநாடு என்றால் திடலின் ஓரத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் புத்தகக் கடை இருக்கும். எங்கள் சித்தப்பா திருவாரூரில் மாநாட்டுக்குப் போனால் துண்டில் முடிந்து புத்தகம் கொண்டுவருவார். முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ என்று தமிழிலேயே அச்சடித்திருக்கும். பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் அந்த ஊருக்கே போய் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது அந்த வழவழப்பான கனமான தாளும், அதன் வாசனையும், கலர் படங்களும்தான். கிழவர் அடுப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டார் என்று ஒரு கதையில் வரும். எங்கள் வீட்டு அடுப்பு மண் அடுப்பு, அதன் மேல் ஒரு பானைதான் உட்காரும், கிழவர் எப்படிப் படுப்பார்? அம்மாவுக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் அடுப்பைச் செங்கல்லால் மேடை மாதிரி பெரிதாகக் கட்டுவார்கள், குளிருக்கு அதன் மேல் படுப்பார்கள் என்று எனக்கு விடை கிடைத்தபோது நான் வேலைக்கே போய்விட்டேன். ஆனாலும் மார்கழி மாதத்தில் சம்பா வயல் மேல் பனி இறங்கி எதிர்க்கரை தெரியாமல் போகும்போதெல்லாம் இதுதான் ருஷ்யா என்று நினைத்துக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறேன். 1991-ல் சோவியத் நாடு இல்லாமல் போனபோது பேப்பரில் என்னென்னவோ எழுதினார்கள், எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் அந்தப் புத்தகங்கள் வராதே என்றுதான்.

தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் காலத்துக்குப் பூந்தளிர் வந்துவிட்டது. வாண்டுமாமா ஆசிரியராக இருந்து 1984-ல் ஆரம்பித்த பத்திரிகை. சுப்பாண்டி, குரங்கு கபீஷ், காக்கை காளி. அவன் இன்றைக்கும் வீட்டில் யாராவது ஏதாவது உளறினால் சுப்பாண்டி என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது அத்தையின் நோட்டுக்கு வருகிறேன். அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. யார் எந்தப் புத்தகம் எடுத்துப் போனார்கள் என்று அதில் எழுதி வைப்பார். பேர், புத்தகம், கிழமை, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு இழுக்காத வரிகளும் நிறைய உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு, ஆற்றங்கரைக் குடிசைகள் என்று எல்லா இடத்துப் பேரும் அதில் இருக்கும், அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வராதவர்கள் பேர்கூட இருக்கும். அவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள், அத்தை உள்ளே போய் எடுத்துவந்து கையில் கொடுப்பார். அப்பாவுக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் அக்காவிடம் பேச மாட்டார்.

1977 நவம்பரில் புயல் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவையே புரட்டிப் போட்ட புயல், இந்தப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லுவார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகம் அப்போது ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் இருந்தது, என்னோடு எட்டாவது படித்த பெண் எடுத்துப் போயிருந்தாள். அந்த வீடு விழுந்துவிட்டது. கூரை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாவாடைத் துணியில் சுற்றிய பொட்டலம். உள்ளே புத்தகம் தண்ணீர் குடித்து ரெண்டு மடங்காக ஊதியிருந்தது, சிவப்புத் துணிச் சாயம் பக்கங்களில் இறங்கியிருந்தது. வீட்டில் இருந்து அவர்களால் எடுக்க முடிந்தது ஒரு அண்டா, ஆடு ரெண்டு, அப்புறம் இது. "நனைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை அவளை உள்ளே கூப்பிட்டார். உள்ளே, கூடத்துக்கு. சோறு போட்டார். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாகத்தின் ஆரம்பத்திலேயே நாகைப்பட்டினத்தில் கடல் பொங்கி வரும், சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் தண்ணீரில் மூழ்கும். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் காற்று எழுந்தது என்று அந்தப் பெண் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அத்தை அந்தப் புத்தகத்தை வெயிலில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்து, ஒட்டின இடங்களைப் பனை ஈர்க்கால் விலக்கி, காய்ந்த பிறகு நெல் மூட்டைக்கு அடியில் ஒரு மாதம் வைத்து நிமிர்த்தினார். இன்றைக்கும் அது அலை அலையாகத்தான் இருக்கிறது, மூடினால் முழுசாக மூடாது. நோட்டில் அந்தப் பெண்ணின் பேருக்கு நேராகக் கோடு இழுத்துவிட்டு, அன்றைக்கே அவளுக்கு வேறு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார் அத்தை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறவர்கள் பொழுதுக்கு என்ன செய்வார்கள் என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்துக் குழந்தைகள் படிப்பதில்லை என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. அது உண்மையில்லை என்று என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிட்டேன். புத்தகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசிப்பு இயக்கம் என்று அரசு நடத்துகிறது, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்து அழகழகான சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள், எடுத்துப் பார்த்தேன், எங்களுக்கு அப்போது இப்படி ஒன்று கிடைத்திருந்தால் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்போம். ஊஞ்சல், தேன்சிட்டு என்று பள்ளிக் குழந்தைகளுக்கே பத்திரிகை வருகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது. எல்லாம் ஊர் வரைக்கும் வந்து சேருகிறது. குழந்தையின் கை வரைக்கும் கடைசி நாலடி தூரத்தைத்தான் தாண்டவில்லை, நடுவில் ஒரு பூட்டு இருக்கிறது.

அந்தப் பள்ளி ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். ஊர் பேரோ பள்ளி பேரோ எழுதவில்லை, ஏனென்றால் அவர் மேல் தப்பில்லை, இன்னும் எத்தனையோ பள்ளியில் இதே கதைதான். மிகவும் நல்ல மாதிரி. "கொடுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? முன்னாடி இருந்த ஊர்ல ஆறு புத்தகம் குறைஞ்சுது, என் கையிலேர்ந்து கட்டினேன். அதுலேர்ந்து பயம்" என்றார். ஒரு ஆசிரியர் தன் சம்பளத்தில் இருந்து கட்ட வேண்டும் என்றால் யார் பீரோவைத் திறப்பார்கள்? நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

இங்கேதான் என் பழைய வேலை உதவிக்கு வருகிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கு என்று ஒரு விதி உண்டு. ஒரு வருடத்தில் வெளியே கொடுத்த, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் 1000-க்கு 5 வரை தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நேர்மைக்குறைவாலோ அலட்சியத்தாலோ நடந்ததாக இருக்கக் கூடாது, விலை கூடிய நூல்களும் அரிய நூல்களும் தொலைந்தால் விசாரித்தாக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அலுவலக நூலகத்தில் இந்த விதியைச் சொல்லி எத்தனையோ புத்தகங்களைக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறோம், யாரும் கையிலிருந்து கட்டவில்லை. பெரிய அதிகாரிகள் படிக்கும் புத்தகம் தொலையலாம் என்றால், ஏழு வயதுக் குழந்தை எடுத்துப் போகும் புத்தகம் ஏன் தொலையக் கூடாது? குழந்தைகளுக்கு 1000-க்கு 5 போதாது, ஐம்பதாவது வேண்டும். இந்த மாதிரி ஒரு அனுமதியைப் பள்ளிக் கல்வித்துறை எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பி, பீரோ கதவிலேயே ஒட்டச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். வருடக் கடைசியில் எல்லாப் புத்தகமும் புதுசாகவே இருக்கிற பள்ளியிடம் கேளுங்கள்.

இதை யாரிடம் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்? நூலகத்துறைக்கே தந்தை என்று சொல்லும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர், எங்கள் டெல்டாக்காரர். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் அலமாரி கட்டிப் புத்தகங்களை ஊர் ஊராக அனுப்பினார். எங்கள் ஊர்ச் சாலை அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும். அந்தச் சேற்றில் புத்தகம் வந்திருக்கிறது, வாங்கிப் படித்திருக்கிறார்கள், கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எத்தனை நனைந்ததோ, எத்தனை வராமல் போனதோ.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், இது வாசகர்களிடம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா, கோகுலம், ரத்னபாலா, காமிக்ஸ் எதுவானாலும் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். நினைவுக்காக என்று பிளாஸ்டிக் உறையில் போட்டும் வைக்காதீர்கள், தயவுசெய்து. பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கும், கொடுத்துவிடுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன். இதுவரை பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், மூன்று பேர் திருப்பித் தரவில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்த குழந்தை அம்புலிமாமாவை முடித்துவிட்டு இப்போது ஊர்வலமாகத் தன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வருகிறாள். பூந்தளிர் எங்களிடம் நாலைந்துதான் மிஞ்சியிருக்கிறது, அவர்களுக்குப் போதவில்லை. இரண்டாம் பிரதி வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள், அஞ்சல் செலவைத் தம்பி கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.